ஏணிப்பாறைக்கு ஒரு ஆக்சில்

ஜூன் 2, திங்கள்

இன்று காலை ஒன்பதேகால் மணிக்குப் போடி நகரம் ஒருமுறை குலுங்கி நின்றது. நிலநடுக்கம் என்று நினைத்து மூன்று தெருக்காரர்கள் கைக்குழந்தைகளோடு வெளியே ஓடி வந்ததாகக் கேள்வி. ஒன்றுமில்லை. என் அக்கா மகள் செவ்வந்தி வாங்கிய ஜீப்பை லாரியிலிருந்து என் பஞ்சர் கடை வாசலில் இறக்கினார்கள்.

வண்டியைப் பற்றி மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ் கழித்துக் கட்டியது. கூரை கிடையாது. கதவு ஒன்று, அதுவும் வேறு வண்டியின் கதவு. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். ஏழு நிறத்துக்குக் கீழே சேர சோழ பாண்டியர் மூவரும் அடித்த நிறங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"என்னா மாமா, அப்பிடிப் பாக்குறீங்க?"

"பட்டத்து யானைய இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்ல புள்ள. கண்ணு கூசுது."

"நக்கலு. ஒங்க கடை வாசல்லதான் நிக்கப் போகுது. மூணு வாரத்துக்கு."

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம் இதில் போட்டிருக்கிறாள். மந்திக்கானல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றி இறக்க ஒரு ஜீப்பு வேண்டுமாம். மேனேஜர் ஜெபராஜ் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மேலே வந்து காட்ட வேண்டும். வந்தால் வருடம் முழுக்க ஓட்டம். வராவிட்டால் கம்பத்துக்காரர் ஒருவர் வண்டியோடு தயாராக இருக்கிறார். இவள் மறுபடி திருப்பூருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அக்கா பஞ்சவர்ணம் இதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. செவ்வந்தி ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் குழம்பில் ஒரு காய் கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான்.

வெல்டிங் பட்டறை யாக்கூப் பாய் கேட்டார்: "முப்பது வருசம் அந்த மலையில ஓட்டுன ஆளு நீங்க. நீங்களே ஏறிக் காட்டிட்டா என்னாண்ணே?"

முழங்கால் வலி என்றேன். உண்மைதான். பாய் கேட்ட அந்த நொடியிலிருந்து வலிக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

செவ்வந்தி வண்டிக்கு அடியில் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, எண்ணெயில் குளித்த மகாலட்சுமியாக வெளியே வந்தாள்.

"பின்னாடி ஆக்சில் சரிப்படாது மாமா. சக்கரத்தச் சுத்துறதும் அந்த ராடுதான், பாரத்தத் தாங்குறதும் அந்த ராடுதான். ஏணிப்பாறையில ஒடிஞ்சா சக்கரம் தனியாக் கழண்டு போயிரும்."

இதை எனக்குச் சொல்கிறாள்! ஏணிப்பாறை என்பது மந்திக்கானல் பாதையில் ஆறாவது கிலோமீட்டரில் இருக்கும் பாறைப் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரு முழம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆகாயம். ஏழு வருடங்களுக்கு முன்னால் அங்கேதான் என் ஜீப்பின் ஆக்சில் ஒடிந்தது. என் பின் சக்கரமே என்னை முந்திச் சென்று, திரும்பிப் பார்த்து, ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கியது. இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நான் வண்டியை மலைப் பக்கம் சாய்த்து ஒற்றை மீசையால் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கதையை முழுதாகக் கேட்டாள். "சரி மாமா" என்றாள். சிரிக்கவில்லை. எண்ணெய் கண்ணில் பட்டிருக்கும்.

ஜூன் 5, வியாழன்

தேனி காயலாங்கடைப் படையெடுப்பு.

பெரிய வண்டி ஒன்றின் பின் ஆக்சிலைத் தேடிப் போனோம். அந்த வகையில் பாரத்தைக் குழாய் தாங்கிக்கொள்ளும்; உள்ளே இருக்கும் ராடுக்குச் சுற்றுவது மட்டும்தான் வேலை. ராடு ஒடிந்தாலும் சக்கரம் வீட்டை விட்டு ஓடாது. இமயமலை உயரத்துக்கு இரும்பு குவிந்து கிடந்தது. உச்சியில் பனி இருந்ததா என்று சரியாகத் தெரியவில்லை.

நான் முன்வாசலில் நின்று கடைக்காரரிடம் ராஜதந்திரம் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் கொல்லைப்புறம் போய், கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். உட்கார்ந்து, சக்கரம் மாட்டும் இடத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள். காதை வைத்துக் கேட்டாள். மறுபடி சுற்றினாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல.

"உசிரு இருக்கு மாமா."

அந்த ஆக்சிலை நான் ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைத்தேன். உடன் நான்கு பேர் பிடித்தார்கள்.

ஜூன் 6, வெள்ளி

இடுப்பு. எழுத முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

யாக்கூப் பாய் ஆக்சிலைச் சுற்றி வந்தார். குழாய் பழசு, பத்துப் பேரை வைத்துக்கொண்டு பாறையில் இறங்கினால் நடுவில் வளையும் என்றார். வைத்தியமும் அவரே சொன்னார். குழாயின் மேல் ஒரு தடித்த இரும்புப் பட்டையை நிறுத்தி, முனையிலிருந்து முனைவரை முதுகெலும்பு மாதிரி வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

"ஆனா பொறுமை வேணும்மா. வலது பக்கம் ஒரு வெரல் நீளம் வெக்கணும். அப்பறம் இடது பக்கம் ஒரு வெரல். கை வெச்சுப் பாத்து, சூடு ஆறுன பெறகு அடுத்தது. ரெண்டு நாள் ஆகும்."

வெள்ளிக்கிழமை செவ்வந்திக்குத் தேனியில் வண்டிப் பதிவு வேலை. அன்றைக்குப் பட்டறைக்கு என்னைப் பொறுப்பாளராக நியமித்திருக்கிறாள். நியமன உரை பின்வருமாறு:

"மாமா, பாய் சொல்றத நீங்க கேளுங்க. பாய்க்கு நீங்க சொல்லாதீங்க."

ஜூன் 12, வியாழன்

பாய் பட்டையை அளந்து வெட்டி வைத்துவிட்டார். நாளையும் மறுநாளும் பற்றவைப்பு. காலண்டரைப் பார்த்தேன். நாளை வெள்ளி, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதுகெலும்பு முழுதும் ஏறி, சூடமும் காட்டியாகிவிடும் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வெற்றி! இரண்டு நாள் வேலையை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். சீனப் பெருஞ்சுவரை ஒரு மதியத்தில் கட்டி முடித்தது போல இருந்தது.

பாய் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "இப்பிடி நிறுத்தாம அடிச்சா சூடு கொழாய இழுத்து வளைச்சிரும்ணே. எனக்கும்தான் இன்னிக்கு ஜும்மா இருக்கு. நான் அவசரப்படுறேனா?" என்றார். "பாய், ராகு எங்க சம்பந்தி இல்ல, சொன்னாக் கேக்க மாட்டாரு" என்றேன். கடைசியில் முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். நான் வாங்கி வந்த டீ ஆடை கட்டிப் போனது. அவர் தொடவே இல்லை.

பத்து இருபத்தெட்டுக்குக் குங்குமம். பத்து இருபத்தொன்பதுக்குச் சூடம். வரலாற்றில் பதிய வேண்டிய நாள்.

ஜூன் 14, சனி

ராடு உள்ளே போகவில்லை.

பாதி வரை போகிறது. அப்புறம் மாமியார் வீட்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நின்றுவிடுகிறது. செவ்வந்தி குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பார்த்தாள். முனை இரண்டும் மேலே தூக்கியிருக்கின்றன. நான்கு மில்லிமீட்டர். ஒரு மசால் வடையின் கனம்கூட இல்லை. ஆனால் மசால் வடை ராடை மறிக்காது.

காரணங்களை ஆராய்ந்தேன். ஒன்று, தேனி மாவட்டத்து வெயில். இரண்டு, அந்த இரும்பின் பிறவிக் குணம். மூன்று, கோழிக்கூண்டுக்கு அடியில் இருந்த காலத்தில் மனம் உடைந்திருக்கலாம்.

"யாரு பாய் அவசரப்படுத்துனது?" என்று கேட்டாள்.

பாய் முகமூடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் நூலின் முடிச்சைச் சரிபார்த்தேன். இரண்டுக்கும் ஒரே காரணம் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அக்கா, "ஒனக்கா எறங்கல?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போனேன். செவ்வந்தி அந்த இரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள, வெள்ளிக்கிழம நடந்தது என்னான்னா…"

"தெரியும் மாமா."

"பாய் சொல்லிட்டாரா?"

"பாய் சொல்லல. இங்க பாருங்க." பட்டையின் நடுவில் விரலை வைத்தாள். சூடக் கரி. அதைச் சுற்றிக் குங்குமம், மூன்று பொட்டு. "இது என்னா, யாக்கூப் பாய் வெச்சதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு, "இன்னும் ஏழு நாள்தான் இருக்கு மாமா" என்றாள். அந்தக் குரலில் திருப்பூர் ரயிலின் சத்தம் கேட்டது. இதில் மிகை எதுவும் இல்லை.

பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஏண்ணே, ஒங்கள எனக்கு இன்னிக்கா தெரியும்?" என்று சொல்லி, ஆடை கட்டாத டீ ஒன்று கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

இழுத்த சூட்டைச் சூட்டாலேயே திருப்பி இழுக்கிறார்கள். ஆக்சிலைக் கவிழ்த்துப் போட்டு, பட்டைக்கு நேர் எதிரே அடிப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குக் கேஸ் நெருப்பை வைத்தார் பாய். இரும்பு செம்பருத்தி நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட்டார். தண்ணீர் ஊற்றக் கூடாது, விசிறக் கூடாது. தானாக ஆற வேண்டும். ஆறும்போது இந்தப் பக்கம் சுருங்கி, தூக்கிய முனைகளைக் கீழே இறக்குமாம்.

நான் பேசக் கூடாது என்று உத்தரவு. நான்கு மணி நேரம் பேசவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்து எனக்கு என்ன ஆயிற்று என்று அக்காவிடம் விசாரித்திருக்கிறார்.

முதல் சூட்டில் மூன்று மில்லிமீட்டருக்கு வந்தது. இரண்டாவதில் ஒன்றரை. மூன்றாவது ஆறி முடிக்கச் சாயங்காலம் ஆனது. செவ்வந்தி நூலைக் கட்டிப் பார்த்துவிட்டு, ராடை எடுத்து நுழைத்தாள். புற்றுக்குள் பாம்பு போவது போல வழுக்கிக்கொண்டு போய், உள்ளே 'டக்' என்று உட்கார்ந்தது.

பாய் தொப்பியைக் கழற்றி முகம் துடைத்தார். என் முகத்திலும் ஏதோ இருந்தது. வெல்டிங் புகை.

ஜூன் 18, புதன்

ஆக்சிலை ஏற்றியாயிற்று. பத்துப் பேர் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு செவ்வந்தி ஏணிப்பாறை வரை போய் வந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. என்னையும் கூப்பிட்டாள். மேற்குத் திசை இந்த மாதம் எனக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

"எந்த ஜோசியர் மாமா?"

"நீ அவரப் பாத்திருக்க மாட்ட."

நானும் பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

சீனியம்மாள் வந்தாள். மந்திக்கானலுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்குத் தலைவி. அவள் ஏறச் சொன்னால் பத்துப் பேரும் ஏறுவார்கள். வேண்டாம் என்றால் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் ஏற மாட்டார்கள். ஜீப்பைச் சுற்றி வந்து, பின்பெஞ்சைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"வண்டி நல்லாத்தேன் இருக்கு. வழக்கம் தெரியும்ல தாயி? புது வண்டி மொத லோடு ஏறையில, வண்டிக்காரங்க வீட்டாளு ஒருத்தரு எங்களோட பின்னாடி உக்காரணும். ஆக்சிலுக்கு மேல. ஒங்க சனத்த ஏத்த ஒங்களுக்கே தைரியம் இல்லைன்னா எங்களுக்கு என்னாத்துக்கு?"

"எங்கம்மா உக்காருவாங்க பெரியம்மா" என்றாள் செவ்வந்தி, சட்டென்று.

"ஒங்கம்மாவா எங்களச் சாச்சு விட்டா?" சீனியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏப்பா ராசாங்கம், நீ உக்காந்தா நான் உக்காருவேன். நான் உக்காந்தா எல்லாரும் உக்காருவாளுக."

போகும்போது இடது கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். அந்தக் கை முழங்கையில் முழுதாக நிமிராது.

ஜூன் 3ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை என்பது சரியல்ல. வண்டியை மலைப் பக்கம் சாய்த்தபோது அவள் கை பெஞ்சுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டி ஒடிந்தது. மீசையால் முட்டுக் கொடுத்தது பற்றியும் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எந்த ஜீப்பிலும் ஏறவில்லை. ஓட்டுவதற்கும் இல்லை, உட்காருவதற்கும் இல்லை.

ஜூன் 21, சனி

முழங்கால், இடுப்பு, ஜோசியர் ஆகிய மூவரையும் காலையில் கலந்தாலோசித்தேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை.  சாயங்காலம் செவ்வந்தி வந்து பின்பெஞ்சுக்கு ஒரு பழைய தலையணையை அளவு பார்த்துக் கட்டிவிட்டுப் போனாள். அதில் உட்காரப்போவது யார் என்று சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஏறினேன்.

முதல் ஐந்து கிலோமீட்டரில் பெண்கள் என்னை வறுத்து எடுத்தார்கள். "என்னாண்ணே, சாமி கும்புடுறீங்களா, தூங்குறீங்களா?" என்றாள் ஒருத்தி. "ராசா பவனி வாராரு, தெரியலையா?" என்றாள் இன்னொருத்தி. நான் கண்ணை மூடி ராஜ்ய பரிபாலனம் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தேன்.

ஏணிப்பாறை வந்ததும் எல்லோரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வந்தி நின்று, கியரைக் குறைத்து, முதல் படியில் முன் சக்கரத்தை வைத்தாள். வண்டி வானத்தைப் பார்த்தது. பின் சக்கரம் ஏறும்போது எனக்கு அடியில் இருந்த இரும்பு ஒரு முனகல் முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரியும். ஏழு வருடமாகத் தினமும் கேட்கிறேன். அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். நான் காத்திருந்தேன். இரண்டாம் படி. மூன்றாம் படி. சத்தம் வரவில்லை. நான்காவது படியில் வண்டி ஒரு பக்கம் சரிந்தது, பெஞ்சு பாறைப் பக்கம் போனது, நான் எதையோ இறுக்கிப் பிடித்தேன்.

"ஏப்பா ராசாங்கம்! விடுப்பா கைய! ஒடிஞ்ச கையவே மறுபடி ஒடிக்கிறியே!"

ஜீப்பே சிரித்துக் குலுங்கியது. அந்தக் குலுக்கலிலேயே ஐந்தாவது படியையும் தாண்டிவிட்டோம். நான் கையை விடவில்லை. சீனியம்மாளும் இழுத்துக்கொள்ளவில்லை.

மந்திக்கானலில் மேனேஜர் ஜெபராஜ் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "இந்தப் பட்டை யாரு வெச்சது? அதில என்ன குங்குமம்?" என்றார். "எங்க மாமா வெச்சது சார்" என்றாள் செவ்வந்தி. ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார். செவ்வந்தி எல்லோர் முன்னாலும் 'சரிங்க சார்' என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்த் தாவணி போட்ட காலத்தில் குதிப்பது போல இரண்டு குதி குதித்தாள். நான் பார்த்தேன்.

இறங்கும் நேரம் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் செவ்வந்தியைத் தனியே கூப்பிட்டேன்.

"புள்ள. பயமாருக்கு. ஏறுனது ஏறிட்டேன். எறக்கத்துல என்னால உக்கார முடியாது."

அவள் என் காலைப் பார்த்தாள். "செருப்பு நல்லாருக்கா மாமா? பதினோரு கிலோமீட்டரு."

நடந்தேன். அவள் என்னை முந்திப் போகவில்லை. முதல் கியரில், இருபதடி பின்னால், என் நடைக்கு நடையாக வந்தாள். முன்னால் மன்னர் கால்நடையாக. பின்னால் ரதம் உறுமிக்கொண்டு. ரதத்தில் பத்து மகளிர் கடலை உரித்துத் தின்றுகொண்டு. "ராசா, கொஞ்சம் வெரசா நடங்க, வீட்ல சோறு வெக்கணும்!" உலகத்தின் எந்தப் பேரரசனும் இப்படி ஒரு பவனி கண்டதில்லை.

ஏணிப்பாறையில் நான் முதலில் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மேலே செவ்வந்தியின் முன் சக்கரம் விளிம்பில் நின்றது. அவளுக்கு வண்டியின் மூக்குக்குக் கீழே இருக்கும் படி தெரியாது. எனக்குத் தெரிந்தது. என்னை அறியாமல் என் கை உயர்ந்துவிட்டது.

"எடது… இன்னும் எடது… நிறுத்து. இப்ப விடு. மெதுவா விடு. ஸ்டீரிங்க ஒடிக்காத, ஒடிக்காத, ஆங், வா தாயி, வா."

ஐந்து படியும் பூப்போல இறங்கினாள். முப்பது வருடம் நான் எங்கே சக்கரத்தை வைப்பேனோ, அங்கேயே வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் யாருடையவோ போல இருந்தன. அக்கா சுடுதண்ணீர் வைத்திருந்தாள். இலையில் ஆறு காய்.

ஜூன் 30, திங்கள்

திருப்பூர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இனி வரவில்லை என்று செவ்வந்தி சொல்லிவிட்டாள். சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அக்கா வேண்டுமென்றே போட்டதாக இருக்காது.

பிறகு செவ்வந்தி கடைக்கு வந்து, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஏணிப்பாறையில நின்னு கை காட்ட ஒரு ஆளு வேணும். ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும்."

"பேரரசர்களுக்கு அது தகுந்த உத்தியோகமா புள்ள?"

"சீனியம்மா பெரியம்மாவும் கை காட்ட ஆளு வேணும்னுதான் சொன்னாங்க. அந்த ஆளு இல்லாம நாங்க ஏற மாட்டோம்னு."

கொஞ்ச நேரம் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டியூபில் ஓட்டையே இல்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் லோடு. பின்பெஞ்சில் தலையணைக்கு மேல் எனக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏணிப்பாறை வரைக்கும்.